கியர்பாக்ஸ் உதறினால் முதலில் எண்ணெயைப் பாருங்கள்

திருச்சி எடமலைப்பட்டி புதூரிலிருந்து மதுரை சாலையில் பஞ்சப்பூர் பேருந்து முனையம் பக்கம் போகிறவர்கள் பலர், கிளட்ச் மிதித்து ஓய்ந்துபோய் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறுகிறார்கள். சில ஆண்டுகள் வெண்ணெய்போல ஓடிய வண்டி, திடீரென்று இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகையில் வெட்டுகிறது. காலையில் ரிவர்ஸ் போட்டால் கொஞ்சம் தயங்கிவிட்டு 'டொக்'கென்று பிடிக்கிறது. கியர்பாக்ஸே போய்விட்டது என்று பதற வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்.

அதற்கும் முன்னால், நம் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவில் மட்டும் மூன்று வகை வருகின்றன. டீசலில் டார்க் கன்வர்ட்டருடன் 6 கியர், சாதாரண பெட்ரோலில் சிவிடி வகை, டர்போ பெட்ரோலில் 7 கியர் இரட்டைக் கிளட்ச். ஒன்றின் எண்ணெய் மற்றதற்கு ஆகாது. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டி வேறு சங்கதி. அது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச், கியர் வேலையை மட்டும் வண்டியே செய்துகொள்ளும். அதில் வரும் லேசான தலையாட்டல் பெரும்பாலும் பிறவிக் குணம், பழுதல்ல.

டார்க் கன்வர்ட்டர் வகையில்தான் எண்ணெய்க்கு வேலை அதிகம். வண்டி நின்று கிளம்பும்போது இன்ஜினின் விசையைக் கியர்களுக்குக் கடத்துவதே சுழலும் எண்ணெய்தான். உள்ளே அடுக்கடுக்காகக் கிளட்ச் தகடுகள் உண்டு. கியர் மாறும்போது ஓர் அடுக்கு விட, இன்னோர் அடுக்கு பிடிக்க வேண்டும். தண்ணீர் லாரியில் குடத்தைக் கைமாற்றுவது போன்ற வேலை இது. முதல் கை முன்கூட்டியே விட்டுவிட்டால் இன்ஜின் வெறுமனே உறுமும். இரண்டும் சேர்ந்து பிடித்தால் வண்டி உதறும். இந்த நேரக் கணக்கைக் காப்பது எண்ணெயின் அழுத்தம். கணினி சொன்னபடி சொலினாய்டு வால்வுகள் அந்த அழுத்தத்தை அளந்து விடுகின்றன. எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், எண்ணெய் நுரைக்கும், அழுத்தம் நிற்காது. தகட்டுத் தூள் வால்வில் சிக்கினாலும் கணக்குப் பிசகிவிடும்.

தகடுகள் எவ்வளவு வழுக்கிப் பிறகு பற்ற வேண்டும் என்பதும் எண்ணெயின் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதற்காக ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயைக் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்து மாற்றுப் பொருளுக்குப் போனதும், கியர்பாக்ஸ் பழுதுகள் மளமளவென்று பெருகின. கலவையில் ஒரு பொருள் மாறியதற்கே அந்தக் கதி! 'எந்த ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஆனால் என்ன' என்று கையில் கிடைத்ததை ஊற்றும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள்.

எண்ணெயைக் கெடுப்பது சூடு. வெப்பநிலை சுமார் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. திருச்சியின் சித்திரை வெயிலும் நெரிசலும் எளிதான பயன்பாடு அல்ல. கார் கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனிக் கெடு இருந்தால் அதைத்தான் நாம் பின்பற்ற வேண்டும். 'வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது.

பட்டறையில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஏடிஎஃப் புதிதில் தெளிந்த சிவப்பு. நாள்பட்டால் பழுப்பேறும். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் தகடு தீய்ந்திருக்கிறது. அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம், உலோகச் சில்லுகள் இருந்தால் ஆபத்து. போல்ட்டைக் கழற்றி வடித்தால் பாதியளவே வரும். மீதி கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். புதிதாக ஊற்றியபின் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே, எண்ணெய் கையேட்டில் சொன்ன சூட்டுக்கு வந்ததும் அளவு பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் பார்க்கிற அளவை நம்பாதீர்கள்.

'பழைய வண்டியில் எண்ணெய் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்' என்பார்கள். ஏற்கெனவே தகடு தீய்ந்து வழுக்குகிற வண்டிக்குக் கடைசி நேரத்தில் மாற்றுவதால் வந்த கெட்ட பெயர் அது. அந்த நிலையில் எண்ணெய் காப்பாற்றாது, கழற்றித் தகடுகளைத்தான் பார்க்க வேண்டும்.