நாற்பது மைக்ரான் இருப்பு

இரவில் பெட்ரோல் பங்க்கில் நிற்கும் கறுப்புக் காரின் பானட்டைப் பாருங்கள். மேலே எரியும் எல்.இ.டி. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். யாரோ வட்டமாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பரப்பில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. விளக்கின் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் வாக்கில் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுகின்றன. அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. நீங்கள் ஓரடி நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். பல வருடம் தேய்த்த எவர்சில்வர் தட்டை பல்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலும் இதே வட்டம்தான்.

கறுப்பு வண்டியில் இது பளிச்செனத் தெரியக் காரணம் உண்டு. வண்டியின் மேற்பூச்சில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் மட்டுமே அங்கேயே பட்டுத் திரும்புகிறது. மீதி உள்ளே போய் நிறத்தைத் தொடுகிறது. அடியில் கறுப்பு இருந்தால் அங்கிருந்து ஏறக்குறைய எதுவும் திரும்பாது. ஆகவே கீறல் சிதறடிக்கும் துளி வெளிச்சமும் கண்ணை உறுத்துகிறது. வெள்ளை வண்டியில் அதே கீறல்கள் இருந்தாலும், அடியிலிருந்து வரும் ஒளி வெள்ளத்தில் அவை மறைந்துபோகும். சிவப்பும் நீலமும் நாளாக நாளாக வெளிறித் தெரிவதற்கும் இந்தச் சிதறலுக்குப் பங்குண்டு. நிறம் எங்கும் போகவில்லை. அதன் மேல் வெள்ளை ஒளி கலந்துவிட்டது.

இதைச் சரிசெய்ய ஒரு பாலிஷ் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், சென்னை ஜி.பி. ரோட்டில் அலமாரி நிறைய பாட்டில்கள் நிற்கும். எதை வீட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்வது? எது அதிகம் மின்னவைக்கும் என்று கேட்டால் பதில் கிடைக்காது; எல்லாமே மின்னவைக்கும். வண்டியிடம் எவ்வளவு பெயிண்ட் இருக்கிறது, அதில் எவ்வளவை நாம் செலவழிக்கலாம் என்பதிலிருந்துதான் இந்தக் கேள்வியைத் தொடங்க வேண்டும்.

இன்றைய காரின் இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் மின்படிவுப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 130 மைக்ரான். இதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரானை ஒட்டி இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நாம் பாலிஷ் போடுவது இந்த 40 மைக்ரானுக்குள்தான்.

கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிரை விழுங்கும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன. தடிமன் குறைந்தால் அடியில் கசியும் கதிர் அதே கணக்கில் கூடுவதில்லை, மடங்குகளில் கூடும். கதிர் பட்டுப்பட்டு அடியிலுள்ள பூச்சு நைந்து பிடிப்பை விடும்போது, கிளியர் கோட் வெண்மை பூத்து உரியத் தொடங்கும். வெயிலிலேயே நிற்கும் பழைய வண்டிகளின் கூரையிலும் பானட்டிலும் தோல் உரிந்ததுபோல் திட்டுத் திட்டாகத் தெரிவது இதுதான். அந்தக் கட்டத்தில் எந்தப் பாலிஷும் உதவாது. மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி. இந்தக் காரணத்தால், வண்டியின் ஆயுள் முழுவதற்குமாகக் கிளியர் கோட்டில் சுமார் 8 மைக்ரானுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்று இத்துறையில் சொல்வார்கள்.

பாலிஷ் கீறலை நிரப்பிவிடும், அல்லது தேய்க்கும் சூட்டில் பெயிண்ட் உருகிக் கீறலை மூடிவிடும் என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக இருக்கிறது. பளபளப்பு எப்படி வருகிறது என்பது விஞ்ஞானிகளுக்கிடையே பழைய வழக்கு. மணலும் பாலிஷ் பொடியும் கண்ணாடியைக் கீறத்தான் செய்கின்றன, துகள் சிறுக்கச் சிறுக்கக் கீறலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது என்று 1704இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டன் சொன்னார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி என்ற வேதியியலாளர் அதை மறுத்து, தேய்க்கும்போது உலோகத்தின் மேற்பரப்பு திரவம்போல ஓடிப் படிகிறது என்றார். கார் பெயிண்ட் விஷயத்தில் நியூட்டன் பக்கமே நியாயம். கிளியர் கோட் குறுக்குப் பிணைப்புகளால் இறுகிய பாலிமர். ஒருமுறை இறுகினால் திரும்ப உருகாது. கூடுதலாகச் சூடேற்றினால் கருகும், அவ்வளவுதான்.

ஆகவே பாலிஷ் கீறலை எடுப்பதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் இறக்குகிறது. 2 மைக்ரான் ஆழக் கீறலை முழுதாகப் போக்க, அந்தப் பகுதி முழுக்க 2 மைக்ரான் போயாக வேண்டும். நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது மாட்டுகிற கீறல் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

நம் ஊரில் ‘ரப்பிங்’ ஒரு வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. அதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. 1920களுக்கு முன் கார்களுக்கு வார்னிஷ் அடித்து உலர வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ லாக்கர் 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லண்ட் கார்களில் வந்தபோது அந்தக் காத்திருப்பு தீர்ந்தது. ஆனால் அது மங்கலாகத்தான் உலரும், தேய்த்தால்தான் மின்னும். பிறகு வந்த அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளிலும் தனிக் கிளியர் கோட் கிடையாது. நிறமே வெளியில் நின்று வெயிலில் பொடிபூக்கும். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுச் செத்த படலத்தைச் சுரண்டினால் அடியில் புது நிறம் வரும். தேய்த்த துணியில் சாயம் ஒட்டும். அந்தப் பெயிண்டுக்கு அது சரியான வைத்தியம். இன்றைய வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ‘ரப்பிங் பாலிஷ்’ என்று பில்லில் சேர்ப்பது அநியாயம். கம்பளி பேட், முரட்டுக் காம்பவுண்ட் என்று ஒருமுறைக்கு 3 மைக்ரான் போனால், மூன்றாவது சர்வீஸிலேயே அந்த 8 மைக்ரான் தீர்ந்துவிடும்.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன? பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள், அவற்றைத் தாங்கும் எண்ணெய், தண்ணீர். மோஸ் அளவுகோலில் அலுமினியம் ஆக்சைடின் கடினம் 9. வைரத்துக்கு அடுத்த படி. துகள்கள் இரண்டு வகை. ஒரு வகை தேய்க்கத் தேய்க்க உடைந்து சிறுத்து, முரட்டு வேலையில் தொடங்கி மென்மையில் முடிக்கும். அவசரப்பட்டுப் பாதியில் நிறுத்தினால் மங்கல் தங்கிவிடும். இன்னொரு வகை கடைசி வரை ஒரே அளவில் இருக்கும். எவ்வளவு வெட்டுகிறது என்பதை நம் கையழுத்தமும் பேடும்தான் தீர்மானிக்கும். வீட்டில் செய்பவருக்கு இரண்டாவது வகையே தோது என்பேன். எப்போது நிறுத்தினாலும் அதன் குணம் மாறாது.

சில பாட்டில்களில் மெழுகும் சிலிகோனும் கனிம எண்ணெயும் தாராளமாக இருக்கும். அவை கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் கிளியர் கோட்டுடையதற்கு மிக நெருக்கம் என்பதால், ஒளிக்குக் கீறலின் விளிம்பே தெரிவதில்லை. அன்றைக்கு வண்டி புதிதாக மின்னும். நாலைந்து முறை வாட்டர் சர்வீஸ் ஆனதும் பழைய வட்டங்கள் திரும்பி வரும். விற்கப்போகும் வண்டிக்குச் செய்யும் வேலை இது.

என் தேர்வு நடுத்தர வெட்டுள்ள, நிரப்பி அதிகமில்லாத ஒரு பாலிஷ். கூடவே இரண்டு ஃபோம் பேட், ஒன்று சற்று இறுக்கம், ஒன்று மென்மை. மென்செர்னா பிராண்டில் 400 என்றால் முரட்டு வெட்டு, 2500 நடுத்தரம், 3500 இறுதி மெருகு. எண் ஏற ஏற மென்மை. மெகுயர்ஸ் பிராண்டில் எம்105 வெட்டுவது, எம்205 மெருகேற்றுவது. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர் 2500 அல்லது எம்205 பக்கம் போகட்டும். ஒரே பாலிஷ் இறுக்கமான பேடில் கூடுதலாக வெட்டும், மென்மையான பேடில் மெருகு மட்டும் தரும். பாட்டிலை மாற்றுவதைவிடப் பேடை மாற்றுவது மலிவு. மெஷினும் சுழன்றுகொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன் வகையாக இருக்கட்டும். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி ஒரே இடத்தில் சூட்டைச் சேர்க்கும், பழகாத கையில் பெயிண்டைக் கருக்கிவிடும்.

வாங்கியதும் வண்டி முழுக்க இறங்கிவிடக் கூடாது. பெயிண்டின் கடினம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மெர்சிடீஸ் 2003இல் பீங்கான் நுண்துகள் கலந்த கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. அதில் மென்மையான பேட் ஒன்றும் செய்யாமல் வழுக்கும். சில வண்டிகளில் துணி பட்டாலே கோடு விழும். எனவே நிழலில், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில், கழுவி உலர்ந்த பானட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மென்மையான பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை ஓடவிடாமலே தடவிப் பரப்பிவிட்டு, பிறகு ஓடவிட்டு மெதுவாக இடமிருந்து வலமாக, அப்புறம் மேலிருந்து கீழாக. வெள்ளைப் படலம் மெலிந்து ஊடே தெரிய ஆரம்பித்ததும் நிறுத்தி மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அடுத்ததை யாரும் தவிர்க்கக் கூடாது: தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து மறுபடி துடைக்க வேண்டும். எண்ணெய் போய்விட்டால் மிஞ்சுவதுதான் நிஜம். இப்போது செல்போன் டார்ச்சைப் பிடித்து, தொடாத பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஏழு கீறல் போயிருந்தால் அதே பேடில் வண்டி முழுவதையும் முடிக்கலாம். ஒன்றுமே மாறவில்லை என்றால்தான் இறுக்கமான பேட். ஆழமாக மிஞ்சியவற்றின் கூர் விளிம்பு மழுங்கியிருக்கும். பகலில் அவை கண்ணில் படா. அவற்றைத் துரத்துவது கிளியர் கோட்டை வீணடிப்பது.

கீறல் வரும் வழியையும் அடைக்க வேண்டும். அப்பார்ட்மென்ட் வாசல்களில் விடியற்காலையில் நடப்பதைக் கவனித்தால் புரியும். அரை வாளித் தண்ணீர், ஒரே பழைய துணி, அதிலேயே நாலைந்து கார். சாலைத் தூசியில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் கணக்கில் 7. கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினம். காய்ந்த தூசி மேல் துணியை அழுத்தி இழுத்தால் உப்புத்தாள் செய்யும் வேலைதான் நடக்கும். தினமும் துடைப்பதை நிறுத்தி, வாரம் ஒருமுறை முதலில் தண்ணீர் பீய்ச்சித் தூசியை ஓடவிட்டு, ஷாம்பூ நுரையோடு கழுவினால், பாலிஷ் தேவைப்படும் இடைவெளி தானாக நீளும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் மெஷினைத் தொடுமுன் பெயிண்ட் தடிமன் மீட்டரால் அளந்துவிட வேண்டும். 200 மைக்ரானைத் தாண்டினால் அந்தப் பாகம் மறுபடி பெயிண்ட் அடித்தது. ஆயிரத்தை நெருங்கினால் அடியில் புட்டி இருக்கிறது. 80க்குக் கீழே காட்டும் இடத்தில் மெஷினே வேண்டாம், கழுவி வேக்ஸ் போட்டால் போதும். மீட்டர் காட்டுவது எல்லாப் பூச்சும் சேர்ந்த மொத்தம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; 120 காட்டினாலும் அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று அது சொல்லாது. கதவு ஓரம், பானட் மடிப்பு போன்ற இடங்களில் பூச்சு பிறவியிலேயே மெலிவு, பேடின் அழுத்தமும் அங்கேதான் குவியும். தொடங்கும் முன் அந்த விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.