கோடு நாலு... நெட் பூஜ்யம்!

ராத்திரி பதினொன்றரை. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கள்ளக்குறிச்சியில் ஒரு பிரம்மச்சாரி அறை. லேப்டாப்பில் வைஃபை கோடுகள் நாலும் ஜம்மென்று நிற்கின்றன. பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம்மாள் என்ன செய்வார்? ரவுட்டர் முதுகில் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியைச் சொருகுவார்.

ஐயா சாமி, வேண்டாம்! அது ரீசெட். கம்பெனிக்காரர் போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அதோடு போச்சு. அவசரமென்றால் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு முதலில் விண்ணப்பத்தை அனுப்புங்கள். கோளாறை அப்புறம் தேடலாம்.

வைஃபை கோடு என்பது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் உள்ள சிநேகம், அவ்வளவுதான். ரவுட்டருக்கும் வெளியுலகத்துக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்று அது சொல்லாது. வெள்ளிமலைக்குப் போகிறவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்துவிட்டார். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேற வேண்டாமா? அது எங்கே நின்றது என்று ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பார்க்க வேண்டும்.

முதல் ஸ்டேஜ், வீட்டுக்குள். அதே வைஃபையில் இன்னொரு போன் வேலை செய்தால் குற்றவாளி உங்கள் லேப்டாப். ‘ஐபிகான்ஃபிக்’ என்று கட்டளை கொடுத்துப் பாருங்கள். முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டர் நம்பர் தரவில்லை. ரேஷன் கார்டு கிடைக்காதவர் தானே ஒன்று எழுதிக்கொண்ட மாதிரி, லேப்டாப் தனக்குத்தானே போட்டுக்கொண்டது! வைஃபையை அணைத்துப் போடுங்கள். அசையவில்லையா, ரவுட்டர் ஸ்விட்சை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே மோட்சம்.

அடுத்தது கம்பி. ஃபைபர் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். உள்ளே இருப்பது தலைமுடி மாதிரி கண்ணாடி இழை. கட்டிலுக்குப் பின்னால் நசுங்கி மடங்கியிருந்தாலே போதும். தெருவில் ஜேசிபி வந்துபோனதா என்றும் விசாரியுங்கள். வெளியே அறுந்திருந்தால் நம் கையில் ஒன்றுமில்லை, புகார் நம்பர்தான். ‘பான்’ விளக்கு பச்சையாக நின்றும் நெட் இல்லையென்றால், பில் கட்டினோமா என்று வீட்டம்மாவிடம் பவ்யமாகக் கேட்கவும்.

கடைசி ஸ்டேஜ்தான் சுவாரஸ்யம். ‘பிங் 8.8.8.8’ கொடுத்தால் டாண் டாணென்று பதில் வருகிறது, ஆனால் பெயர் போட்டால் எந்தத் தளமும் வரவில்லை. ரோடு நன்றாக இருக்கிறது சார், விலாசம் சொல்கிறவர்தான் லீவு! பெயரை நம்பராக மாற்றித்தரும் இந்த டி.என்.எஸ். ஏற்பாட்டை 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்தார். செட்டிங்ஸில் டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டால் இரண்டு நிமிஷத்தில் சரி.

இதெல்லாம் வாசல்வரை கம்பி வந்த வீட்டுக்கு. கல்வராயன் மலைமேல் கதையே வேறு. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்குள்ள மக்களின் வாழ்க்கை நிலையை 2024-ல் சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. டவருக்கும் கிராமத்துக்கும் நடுவே ஒரு மேடு குறுக்கே நின்றால் செல் சிக்னல் படுத்துவிடும். ஹாட்ஸ்பாட் வித்தையும் பலிக்காது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவதுதான் பாரத்நெட் திட்டம். ஊராட்சி ஆபீஸ் வரை இழை வந்தாலும் அங்கிருந்து குடிசைவரை யார் இழுப்பது? மேலே இருக்கிற தம்பிக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதி என்பது மலையிறங்க பஸ் கிடைக்கிற தேதி.