முடிவே ஆகாத முடிவு

ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டவர் நீதிமன்றம் போகிறார். ஊருக்குத் திரும்பினால் அவர் உயிருக்கு ஆபத்தா? அதை முடிவு செய்ய நீதிபதிக்கு அதிகாரமே இல்லை! அது குடிவரவு அதிகாரியும் அவருக்கு மேலுள்ள தீர்ப்பாயமும் பார்க்கவேண்டிய வேலை. நம் பொதுத்தேர்வுக் கணக்கில், தீர்ப்பாயம் செய்வது மறுமதிப்பீடு; நீதிமன்றம் செய்வது ஏறக்குறைய மறுகூட்டல்.

நீதிபதி தேடுவது 'அதிகார வரம்புப் பிழை'யை, அதாவது சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டி முடிவெடுத்த இடத்தை. மனுதாரர் சொன்ன முக்கியக் காரணத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். அவருக்குப் பாதகமான தகவலை அவரிடம் காட்டாமலே நம்பியிருக்கலாம்.

2001இல் நாடாளுமன்றம் இந்த வழியை அடைக்கப் பார்த்தது. குடிவரவுச் சட்டத்தின் கீழ் எடுத்த முடிவே இறுதி, எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்றது புதிய 474ஆம் பிரிவு. 2003இல் ஹை கோர்ட் (அங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. நிதானமாகப் படித்துக் காட்டியது. பிரிவு காப்பாற்றுவது 'இந்தச் சட்டத்தின் கீழ்' எடுத்த முடிவை. வரம்பு மீறி எடுத்தது சட்டத்தின் கீழ் எடுத்ததே ஆகாதே! வேறு மாதிரி படித்திருந்தால் அந்தப் பிரிவு அரசமைப்போடு மோதியிருக்கும். மத்திய அரசின் அதிகாரிகளுக்கு எதிராக ஹை கோர்ட்டுக்குப் போகும் உரிமையை 1901 முதலே அரசமைப்பின் 75ஆம் பிரிவு காத்துவருகிறது. எவ்வளவு சாமர்த்தியமான வாசிப்பு!

அந்த வழக்கின் பெயர் 'எஸ்157'. பாதுகாப்பு கேட்பவரின் பெயரை நீதிமன்றங்கள் வெளியிடச் சட்டம் தடை போட்டிருப்பதால், எழுத்தும் எண்ணுமே அவர் அடையாளம்.

'ஏபிடி17' ஓர் இலங்கைத் தமிழர். நேரில் பேட்டி கண்ட அதிகாரி, அவர் பட்ட கொடுமைகள் நம்பத்தக்கவைதான் என்றார். வேறு காரணங்களால் விசா மறுத்தார். அடுத்து ஆராய்ந்த அமைப்போ அவரை அழைக்காமலே, அந்தக் கொடுமைகளையும் நம்பமுடியாது என்றுவிட்டது. முகம் பார்த்து எடுத்த கணிப்பை முகம் பாராமல் மாற்றியது நியாயமற்றது என்று 2020இல் ஹை கோர்ட் சொன்னது.

சாதாரணமாக, மறுப்பு வந்த 35 நாட்களுக்குள் மனு போடவேண்டும். வென்றாலும் நீதிமன்றம் விசா தராது. பழைய முடிவை நீக்கி, மறுபடி ஆராயச் சொல்லித் திருப்பி அனுப்பும். அங்கே மீண்டும் மறுப்பே வரலாம், இம்முறை சட்டப்படி.