அப்பா குடித்தார்... மகனும் குடிப்பானா?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை. திருவாலங்காடு கோயிலில் கும்பிட்டுவிட்டு நேராக என் வைத்தியசாலைக்கு வந்தார் ஒரு அம்மா. கூடவே பதினெட்டு வயது மகன். கணவர் குடியால் கல்லீரல் கெட்டு இறந்து மூன்று வருடமாகிறது.

''ஐயா, இவன் போன வாரம் ஒரு கல்யாண வீட்ல குடிச்சுட்டு வந்துட்டான். அவங்கப்பா ரத்தம்தானே இவன் உடம்புலயும் ஓடுது? இவனும் அப்படியே ஆயிடுவானா?''

மகன் குறுக்கிட்டான். ''அம்மா சும்மா பயப்படுறாங்க சார். நாலு பீர் குடிச்சும் எனக்கு ஒண்ணும் ஆகல. ஸ்டெடியாத்தான் இருந்தேன்!''

அவன் பெருமையாகச் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்குக் கவலை தந்தது.

பரம்பரையா, பழக்கமா?

இரண்டும்தான்! குடிக்கு அடிமையாகும் அபாயம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதே, அதில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுக்கள் காரணம். மீதிப் பாதி வீடு, நட்பு, மனக்கஷ்டம், சரக்கு சுலபமாகக் கிடைப்பது போன்றவை.

டென்மார்க்கில் டாக்டர் குட்வின் நடத்திய ஆய்வு 1973-ல் வெளியானது. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, சிறு குழந்தையிலேயே வேறு வீட்டுக்குத் தத்துப் போன 55 ஆண்களில் 10 பேர் குடிநோயாளி ஆனார்கள். மற்ற தத்துப் பிள்ளைகள் 78 பேரில் 4 பேர்தான். அபாயம் அதிகம் என்பது உண்மை. ஆனால், அந்த 55 பேரில் 45 பேர் தப்பித்தார்கள் என்பதும் உண்மைதானே!

'ஸ்டெடி' என்பது பலமா?

மது உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். பிறகு கல்லீரல் அதையும் முறிக்கும். ஜப்பான், சீனா, கொரியாவில் பலருக்கு இந்த முறிக்கும் வேலை பிறவியிலேயே மந்தம். கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, படபடத்து, குமட்டும். அதனால் அவர்கள் அடிமையாவது குறைவு. இந்தக் காப்பு நம் நாட்டில் மிக அரிது.

இதற்கு நேர்மாறாக, எவ்வளவு குடித்தாலும் போதை தெரியாத உடல்வாகு சிலருக்கு. அமெரிக்காவில் டாக்டர் ஷுக்கிட் குடிநோயாளிகளின் மகன்களைப் பல ஆண்டுகள் கவனித்தார். இளவயதில் போதை குறைவாகத் தெரிந்தவர்களே பின்னாளில் அதிகம் அடிமையானார்கள். 'போதும்' என்று அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் செய்ய வேண்டியது

* குடும்பத்தில் குடிநோய் இருந்தால் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். சர்க்கரை நோய் குடும்பத்தில் இனிப்புக்கு ஜாக்கிரதை சொல்வதில்லையா? அப்படிச் சொல்லுங்கள்.

* முதல் குடி எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறதோ, அபாயம் அவ்வளவு அதிகம். இவர்கள் தொடாமலே இருப்பதுதான் உத்தமம்.

* 'கீழாநெல்லி சாப்பிட்டா குடிக்கலாம்' என்பது தவறு. நான் சித்த வைத்தியன்தான்; இருந்தும் சொல்கிறேன், குடித்துக்கொண்டே கல்லீரலைக் காக்க எந்த மூலிகையாலும் முடியாது.

* 'தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்க ஒரு பவுடர் குடுங்க' என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்! அது தெரியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

* தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். ஆஸ்பத்திரி மேற்பார்வை அவசியம். பெங்களூரு நிமான்ஸிலும், சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையிலும் இதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. இலவச ஆலோசனைக்கு 14446.

எல்லாவற்றையும் கேட்ட அந்தப் பையன் அம்மா பக்கம் திரும்பினான்.

''அப்பாவும் முதல்ல ஸ்டெடியாத்தான் இருந்தாராம்மா?''

அந்த அம்மா பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

''தம்பி, அப்பாகிட்ட இருந்து வந்தது அபாயம் மட்டும்தான். கிளாஸை எடுக்கறது உன் கைதான்'' என்றேன். போகும்போது அவன் முகத்தில் அந்தப் பழைய பெருமை இல்லை. அதுவே நல்ல அறிகுறி!