எடை கூடினால் ஊசல் மெதுவாக ஆடுமா?

பள்ளியில் செய்யும் சோதனைகளில் ஊசலைப் போல் செலவு குறைந்தது வேறு இல்லை. மூன்று முழம் நூல், ஒரு நட்டு, கட்டித் தொங்கவிட ஓர் ஆணி, நேரம் பார்க்க ஒரு ஸ்டாப்வாட்ச் அல்லது கைப்பேசி இருந்தால் போதும். நேர்மையாகச் சோதனை செய்வது எப்படி என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் சோதனையும் எனக்குத் தெரிந்து இல்லை.

"எடையைக் கூட்டினால் ஊசல் மெதுவாக ஆடுமா, கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லி மாணவர்களை விட்டுவிட்டால், "ஆமாம், மெதுவாகத்தான் ஆடுகிறது" என்று சில குழுக்கள் வந்து நிற்கும். பாடப் புத்தகம் நேர்மாறாகச் சொல்கிறது. பிள்ளைகளோ பொய் சொல்லவில்லை, அவர்கள் கையில் இருக்கும் அளவீடு அப்படித்தான் காட்டுகிறது. என்ன நடந்தது என்று போய்ப் பார்த்தால், முதலில் ஒரு நட்டு, அதற்குக் கீழே இரண்டாவது, அதற்கும் கீழே மூன்றாவது என்று சரமாகக் கட்டியிருப்பார்கள்.

ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் மட்டும் அல்ல. கட்டிய இடத்திலிருந்து, தொங்கும் பொருளின் நிறைமையம் வரைக்கும் உள்ள தூரம் அது. ஒரு நட்டு தொங்கும்போது அந்தத் தூரம் 21 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே கீழே இன்னும் இரண்டு நட்டுகளைக் கட்டியதும் அது 23 செ.மீ. ஆகிவிடுகிறது. முன்பு 20 அலைவுகளுக்கு (ஒரு முறை போய்த் திரும்புவது ஓர் அலைவு) 18.4 விநாடி ஆனது, இப்போது 19 விநாடியைத் தாண்டும். எடையை மாற்றுவதாக நினைத்தவர்கள் தெரியாமல் நீளத்தையும் மாற்றிவிட்டார்கள். இரண்டு சேர்ந்து மாறினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு சோதனையில் ஒன்றை மாற்றுகிறோம், ஒன்றை அளக்கிறோம், மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைக்கிறோம். இதை மனப்பாடமாக ஒப்பிப்பது எளிது. "மற்ற எல்லாம்" என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில்தான் மூளைக்கு வேலை இருக்கிறது. அதனால் சோதனையைத் தொடங்கும் முன்பே பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதச் சொல்வது நல்லது. நூலின் நீளம், இழுத்துவிடும் கோணம், கட்டிய இடம் அசைகிறதா, மின்விசிறி ஓடுகிறதா, நேரம் பார்ப்பவர் யார் என்று பட்டியல் நீள நீளச் சோதனை உறுதியாகும்.

நட்டுச் சரத்துக்கு மாற்று உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து, ஒன்றில் அரிசியையும் மற்றதில் சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகளையும் விளிம்பு வரை நிரப்புங்கள். எடை பல மடங்கு வேறுபடும், நிறைமையம் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். இரண்டின் மேலும் ஒரே மாதிரியான தாளைச் சுற்றி, எது எது என்று நேரம் பார்ப்பவருக்குச் சொல்லாமல் வைத்துவிட்டால் இன்னும் சிறப்பு. கனமானது மெதுவாக ஆடும் என்று நம்புகிறவரின் விரல், அவரை அறியாமலேயே பொத்தானைச் சற்றுத் தாமதமாக அழுத்தக்கூடும்.

கோணத்தையும் லேசாக விட்டுவிடக் கூடாது. அகலமாக ஆடினாலும் குறுகலாக ஆடினாலும் ஊசலுக்கு ஒரே நேரம்தான் ஆகும் என்று கலிலியோவே கருதினார். சிறிய கோணங்களுக்கு அது ஏறத்தாழ உண்மை. 10 டிகிரிக்குள் இருந்தால் வேறுபாடு பள்ளிக் கருவிகளுக்குத் தெரியாது. 60 டிகிரி இழுத்துவிட்டால் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நேரம் ஆகிறது. ஒருவர் கொஞ்சமாகவும் இன்னொருவர் தாராளமாகவும் இழுத்துவிட்டால் அந்த வித்தியாசம் எடையின் கணக்கில் ஏறிவிடும்.

இனி அளப்பது. கண்ணில் பட்டு விரல் அழுத்துவதற்குள் கால் விநாடி போலப் போய்விடுகிறது. ஒரே ஓர் அலைவை அளந்தால் அந்தப் பிழை முழுவதும் விடையில் உட்கார்ந்துகொள்ளும். 20 அலைவுகளை அளந்து 20-ஆல் வகுத்தால் பிழையும் 20 பங்காகப் பிரிந்துவிடும். எண்ணத் தொடங்கும்போது "ஒன்று" என்று தொடங்கக் கூடாது, "சுழியம்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்த வேண்டும். "ஒன்று" என்று தொடங்கினால் 20 வரும்போது ஊசல் 19 முறைதான் ஆடியிருக்கும்.

50 செ.மீ. நீளத்தில் ஒரு குழு நான்கு முறை அளந்ததாக வைத்துக்கொள்வோம்: 28.3, 28.5, 27.0, 28.2 விநாடிகள். சராசரி போடச் சொன்னால் பலர் நான்கையும் கூட்டி 28.0 என்று எழுதிவிடுவார்கள். அதற்கு முன் எண்களைப் பார்க்க வேண்டும். 27.0 ஏன் தனியாக நிற்கிறது? மற்றவற்றிலிருந்து அது ஏறக்குறைய 1.3 விநாடி குறைகிறது, அதாவது கிட்டத்தட்ட ஓர் அலைவின் நேரம். 19 அலைவுகளையே 20 என்று எண்ணியிருக்கிறார்கள்! பிடிக்காத எண் என்பதால் அல்ல, காரணம் தெரிந்ததால் அதை விலக்கலாம். விலக்கினாலும் அழிக்கக் கூடாது. ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் காரணத்தை எழுதி, இன்னொரு முறை அளக்க வேண்டும். காரணம் தெரியாவிட்டால் அந்த எண் அட்டவணையில் இருக்கட்டும்.

அரிசி டப்பாவுக்கு 28.3, 28.5, 28.2 வந்து, குண்டு டப்பாவுக்கு 28.4, 28.6, 28.3 வந்தால் என்ன முடிவு எழுதுவது? சராசரிகளுக்கு இடையே 0.1 விநாடி வேறுபாடு இருக்கிறது. ஆனால் ஒரே டப்பாவை மூன்று முறை அளந்தபோதே 0.3 விநாடி முன்னும் பின்னும் போயிருக்கிறது. ஆகவே கனமானது மெதுவாக ஆடுகிறது என்று சொல்ல இடமில்லை. "எங்கள் அளவீட்டில் எடையால் எந்த மாற்றமும் தென்படவில்லை" என்பதுதான் கையில் இருப்பதற்கு ஏற்ற வாக்கியம்.

நீளத்தை மாற்றும்போதுதான் ஊசல் தன் அழகைக் காட்டுகிறது. 25, 50, 75, 100 செ.மீ. நீளங்களுக்கு 20 அலைவுகள் முறையே 20.1, 28.4, 34.7, 40.1 விநாடிகளை ஒட்டி வரும். நீளத்துக்கு எதிராக நேரத்தை வரைபடத்தாளில் குறித்தால் கோடு வளைகிறது. ஓர் அலைவின் நேரத்தை எடுத்து வர்க்கப்படுத்திக் குறித்துப் பாருங்கள்: ஏறக்குறைய 1, 2, 3, 4. புள்ளிகள் நேர்கோட்டில் வந்து நிற்கும். அந்தக் கோட்டை வைத்து 60 செ.மீ.க்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, பிறகு ஆட்டிப் பார்க்கலாம். 31 விநாடியைச் சுற்றி வரும். வந்ததும் வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே இதைச் செய்யலாம்.

இவ்வளவையும் கெடுக்கிற ஒரு பழக்கம் நம் ஆய்வகங்களில் ஊறிப்போயிருக்கிறது. ஊசலின் நீளத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்கிடும் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வர வேண்டும் என்பதற்காக விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை நிரப்புவது. பிள்ளைகள் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. 9.5 என்று வந்ததற்கு மதிப்பெண் குறைக்கும் இடத்தில் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

வந்த எண்ணைத் திருத்தாமல் விட்ட ஒருவரின் கதை இது. 1672-இல் பாரிசிலிருந்து ஜான் ரிஷே என்ற வானியலாளர், நிலநடுக்கோட்டுக்கு அருகே தென் அமெரிக்காவில் உள்ள கயேன் என்ற ஊருக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலை 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகச் சுருக்கினால்தான் நேரம் சரியானது. பாரிஸ் அளவோடு ஒத்துப்போக வேண்டும் என்று அவர் எண்ணைத் திருத்தவில்லை. பத்து மாதம், வாரந்தோறும் திரும்பத் திரும்ப அளந்து, வந்ததை அப்படியே எழுதினார். வெப்பத்தில் ஊசல் நீண்டிருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 1687-இல் நியூட்டன் தம் நூலில் அந்த அளவீட்டைக் கையில் எடுத்தார். நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஈர்ப்பு குறைவு, பூமி சரியான உருண்டை அல்ல, நடுவில் சற்றுப் புடைத்தது என்ற அவருடைய வாதத்துக்கு, ரிஷே திருத்தாமல் விட்ட அந்த 3 மில்லிமீட்டர் சான்றாக நின்றது.