காயத்தை எழுத வையுங்கள்

மேம்பாலம், மெட்ரோ, மின் நிலையம் என்று அரசுப் பணி நடக்கும் பல இடங்களின் வாசலில் ஒரு பலகை நிற்கும். விபத்தே இல்லாமல் இத்தனை லட்சம் மணி நேரம் வேலை நடந்திருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண் கூடக் கூட எனக்குக் கவலையும் கூடுகிறது. கணக்கு கெட்டுவிடக் கூடாதென்று, கம்பி குத்திய காலையும் சாரத்திலிருந்து விழுந்து அடிபட்ட முதுகையும் மறைக்கச் சொல்லும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். அன்றே எழுதியிருந்தால் சாரத்தில் ஆடுகிற பலகையை யாராவது கட்டியிருப்பார்கள். எழுதாததால் அடுத்தவரும் அதில்தான் ஏறுகிறார்.

வேலையிடத்தில் ஒருவர் இறந்தாலோ, அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனாலோ, அதை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. 1996-ம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் இதைச் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது.

முதலாளி எழுதாவிட்டால் தொழிலாளிக்கு இருக்கும் வலுவான இடம் அரசு மருத்துவமனை. அங்கே விபத்துப் பதிவேட்டில் மருத்துவர் எழுதுகிற முதல் இரண்டு வரிதான் பின்னால் வழக்கைத் தாங்கும். கூடவே வருகிற மேஸ்திரி முந்திக்கொண்டு, "ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு டாக்டர்" என்பார். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். எந்த வேலை, எந்த இடம், யாருடைய ஒப்பந்தம், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று நீங்களே சொல்லுங்கள். பேச முடியாத நிலை என்றால் உடன் வேலை செய்தவர் சொல்லட்டும். அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். கேட் பாஸ், கூலி வந்த ஜி-பே பதிவு, விழுந்த இடத்தின் படம் எல்லாம் சாட்சிதான். செல்போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்த கேள்வி, யாரிடம் கேட்பது? ஆள் கூட்டி வந்த சப்-கான்ட்ராக்டர் மறுநாளே போனை அணைத்துவிடுவார். அவரைத் தேடி அலைய வேண்டாம். தன் வேலையை ஒப்பந்தத்தில் விட்ட முதன்மை நிறுவனத்திடமே இழப்பீடு கோரலாம். அது கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தபோது அரசுகள் நிவாரணம் அறிவித்தன. அப்படி அறிவிக்கும் நிவாரணம் வேறு, சட்டப்படி முதலாளி தரவேண்டிய இழப்பீடு வேறு. முன்னது கிடைத்ததால் பின்னது போய்விடாது. 30 வயதுத் தொழிலாளி இறந்தால், மாதக் கூலியை 15,000 ரூபாய் என்று வைத்தாலே சட்டத்தின் கணக்கு 15 லட்சத்து 59 ஆயிரத்தைத் தாண்டும். இது தெரியாத வீட்டில்தான் இரண்டு லட்சத்தைக் கையில் கொடுத்து வெற்றுத் தாளில் ரேகை வாங்குகிறார்கள். மரண இழப்பீட்டை அதற்கென்று அரசு நியமித்த அதிகாரியிடம் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்ததை, சிறு முன்பணம் நீங்கலாக, சட்டம் இழப்பீடாக ஏற்பதில்லை. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது.

"பெல்ட் போடாதது அவன் தப்பு" என்பார்கள். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் இந்த வாதம் இழப்பீட்டைத் தடுக்காது.

இழப்பீட்டு மனு கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விபத்து நடந்த ஊருக்கு வரத்தான் வேண்டும் என்பதில்லை, குடும்பம் வாழும் பகுதியின் இழப்பீட்டு அதிகாரியிடமே கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவியைக் கேளுங்கள்.