பனி உருகினால் கடல் உயருமா, சார்?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிக் கேட்டால், பல ஆசிரியர்கள் "ஆமாம்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போர்ஷன் முடிக்க வேண்டும். பருவநிலை மாற்றமோ அறிவியலில் கொஞ்சம், புவியியலில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. பாடம் நடத்துகிறவர்களில் பலர் கல்லூரியில் இதைப் படித்ததே இல்லை. இவர்களுக்கு என்ன உதவி செய்யலாம்?

உறுதிமொழியும் ஓவியப் போட்டியும் அல்ல. மரக்கன்று நடுவது நல்ல காரியம்தான், ஆனால் அது அறிவியல் வகுப்பு ஆகாது. ஆசிரியர் கையில் இருக்க வேண்டியது, ஒரு பீரியடுக்குள் செய்து காட்டக்கூடிய, தப்பில்லாத சோதனை.

அந்தப் பையனின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கண்ணாடி தம்ளர்களில் தண்ணீர். ஒன்றில் ஐஸ் கட்டிகள் மிதக்கட்டும். இன்னொன்றில் நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டும் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் ஐஸ் கட்டிகளை வையுங்கள். (ஐஸ் பக்கத்து ஜூஸ் கடையில் கிடைக்கும்.) இரண்டிலும் நீர்மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துவிட்டுக் காத்திருங்கள். மிதந்த ஐஸ் உருகிய பிறகும் மட்டம் ஏறாது. கல்மேல் இருந்த ஐஸ் உருகினால் ஏறும். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனி முதல் தம்ளர். கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் இரண்டாவது. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பயமுறுத்துவது பாடம் அல்ல.

கடல் உயர இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மருந்து பாட்டில் நிறைய மை கலந்த நீர் ஊற்றி, ரப்பர் மூடியில் காலி ரீஃபில் குழாயைச் செருகி, வெந்நீரில் வைத்தால் குழாயில் நீர் மேலேறும். சூடானால் கடலும் இப்படித்தான் விரியும். 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 1971-க்குப் பிந்தைய உயர்வில் ஏறக்குறைய பாதி இந்த விரிவால் வந்தது.

எல்லாச் சோதனையும் இப்படி நேர்மையானதல்ல. யூடியூபில் பிரபலமான ஒன்று இருக்கிறது: இரண்டு பாட்டில்கள், ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு, மேலே விளக்கு. அந்த பாட்டில் அதிகம் சூடாகும், எல்லோரும் கை தட்டுவார்கள். ஆனால் அந்தச் சூட்டுக்கு முக்கியக் காரணம் வேறு. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. அடியில் தங்கி, சூடு கலந்து வெளியேறாமல் தடுக்கிறது. வெப்பக் கதிரை உறிஞ்சவே செய்யாத ஆர்கான் வாயுவை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அதிலும் அதே போலச் சூடேறியது. விடை சரி, வழி தப்பு. 2010-இல் வெளியான இந்தச் செய்தி நம் ஆசிரியர்கள் எத்தனை பேரை எட்டியிருக்கும்?

அதற்குப் பதில் மார்கழியைக் கேளுங்கள். வானம் தெளிந்த இரவில் பனி கொட்டும். மேகம் மூடிய இரவில் அவ்வளவு குளிராது. தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தை மேகம் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடும் அந்த வெப்பத்தைப் பிடிக்கிறது. அது மேகம் போலக் கலைந்து போவதில்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் 10 லட்சம் மூலக்கூறுகளில் 280 அது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. "இவ்வளவு குறைவா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரைப் பிடிப்பதே இல்லை என்பதால்தான் இந்தச் சிறிய அளவுக்கு இத்தனை வலு. ஓசோன் ஓட்டை வேறு கதை. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அது பருவநிலை மாற்றமா? ஒரு நாள் மழையை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் கனமழை மேலும் கனக்க வாய்ப்பு உண்டு என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் கேட்டால், "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று வகுப்பில் சொல்ல ஆசிரியருக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆசிரியர்களே இந்தத் தம்ளர்களைக் கையாண்டு பார்த்தால் அந்தத் தயக்கம் பாதி போய்விடும்.

பெற்றோரும் பழைய மாணவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பிள்ளைகளே மழையை அளந்து பழக, உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு மழைமானி வாங்கிக் கொடுங்கள். வானிலைத் துறை காலை 8.30 மணிக்குத்தான் மழையை அளக்கிறது. பள்ளிக்கும் அது தோதான நேரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், செப்டம்பரிலேயே நட்டுவிடுங்கள்.